மருந்துக் கழிவை மாய்க்கும் கதிரொளி

நோயைத் தீர்க்க வந்த மருந்தே நீரில் கலந்து நோய்க்கு வழிசெய்யுமானால் என் செய்வது? இக்கேள்வி வேதியியல் மாணவனாகிய என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

நாம் உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலில் செலவாவதில்லை. ஒரு பகுதி கழிவாக வெளியேறிச் சாக்கடை வழியே ஆற்றை அடைகிறது. மருந்து ஆலைகளின் கழிவுநீரோ இன்னும் கொடியது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இத்தகைய நீரில் அம்மருந்தைத் தாங்கும் கிருமிகளே பிழைத்துப் பெருகும். பின்னர் நோயாளிக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பயன் என்ன?

வழக்கமான சுத்திகரிப்பில் நுண்ணுயிர்களே கழிவைத் தின்று தீர்க்கின்றன. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தை நுண்ணுயிரைக் கொண்டே அழிப்பது எளிதன்று. இங்கேதான் ஒளி வினையூக்கி துணைக்கு வருகிறது.

வெள்ளை வண்ணப்பூச்சில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடே அது. இப்பொருளாலான மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிரிகிறது என்பதை ஜப்பானியரான ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972இல் வெளியிட்டனர். இதன் அனடேஸ் வடிவத்தின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் எலக்ட்ரான் ஒன்று மேல்பட்டைக்குத் தாவும். அது விட்டுச்சென்ற நேர்மின் துளை, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்கும். எலக்ட்ரானை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்கும். தனி உறுப்பு மருந்து மூலக்கூறைத் தாக்கிச் சிறுசிறு துண்டுகளாக்கும். வினை முற்றுப்பெற்றால் எஞ்சுவன கார்பன் டை ஆக்சைடு, நீர், சில எளிய உப்புகள் மட்டுமே. வினையூக்கியோ செலவாவதில்லை.

ஆயினும் மருந்து மறைந்தது என்பதும் நீர் தூய்மையானது என்பதும் ஒன்றல்ல. வினை பாதியில் நின்றால், உடைந்த துண்டுகளிலேயே நச்சுத்தன்மை எஞ்சியிருக்கக் கூடும். ஆகவே மருந்தின் அளவை மட்டுமன்றி, நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்தறிதல் வேண்டும் என்பது என் கருத்து.

வேறு இடர்களும் உள. கதிரொளியில் புற ஊதாப் பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தே. கழிவுநீரின் பிற கரிமப் பொருள்களும் தனி உறுப்பை விழுங்கிவிடும். நுண்ணிய தூளை மீண்டும் வடித்தெடுப்பதும் கடினம். இதனால் தூளைக் கண்ணாடிமேல் படியவைத்தும், நைட்ரஜன் சேர்த்துக் கண்ணுறு ஒளியிலும் இயங்கச் செய்தும் ஆராய்ந்து வருகின்றனர்.

ஸ்பெயினின் அல்மேரியாவில் கதிரவன் ஒளியைக் கொண்டே இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டு மாணவரும் இத்துறையில் ஈடுபடுதல் நன்று.