நகை பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஆவடியில் இருக்கும் என் தங்கைக்கு 32 வயது. மார்பகப் புற்றுநோய், கீமோ தொடங்கப்போகிறது. மூன்று வயதுப் பையன். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. நகையை அடகு வைத்துவிடலாமா? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மனைவிக்கும் அதில் சிகிச்சை உண்டு; கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆவடிக்காரர்களுக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் நகலோடு கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் அலைச்சல்.

சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு ஆவடியிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிதான். கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

ஆப்பிள் பையோடு வந்து அழுதுவிட்டுப் போகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் ரசம் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். பையனை உங்கள் வீட்டில் தூங்க வையுங்கள். முடி கொட்டும் முன்பே தங்கை மொட்டை போட்டுக்கொள்வதானால், அவனும் பக்கத்தில் இருக்கட்டும். திருத்தணியில் தனக்குப் போட்ட மொட்டை அவனுக்கு ஞாபகம் இருக்கும்.