சிறுமலர் காட்டிய தாழ்ச்சி

இன்றைய உலகம் பொருளை மதிக்கும் உலகம். வீடு என்ன, வாகனம் என்ன, கழுத்தில் எத்தனை சவரன் என்று கேட்டே மனிதரை எடைபோடுகிறது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் வகுப்பறைப் பேச்சைக் கேட்க வேண்டுமே! எந்தக் கடைத்துணி, என்ன விலை என்பதே பேச்சு. புத்தாடை எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை அவ்வேளையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தலைகுனிந்து இருப்பாள். அந்தத் தலைகுனிவைத் தாழ்ச்சி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது பிறர் அவள்மேல் சுமத்தும் அவமானம்.

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழினுள் முதலாவதாக ஆங்காரத்தையும், அதற்கு எதிரான புண்ணியமாகத் தாழ்ச்சியையும் படிக்கிறோம். ஒப்புவிப்பது எளிது. வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பார்த்தால்தான் பொருள் விளங்குகிறது.

பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு பிறந்தவர் சிறுமலர் தெரேசம்மாள். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். தாய் பின்னல் சரிகை வியாபாரம் நடத்தியவர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். ஆகவே ஏழ்மையால் பணிந்தவர் அல்லர் அவர். 1888-இல் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. நம் வயதுதான்!

மடத்தில் அவருடைய அறையிலிருந்த அழகிய சிறு கூஜாவை எடுத்துவிட்டு, விளிம்பு உடைந்த பெரிய கூஜாவை வைத்தார்கள். அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். துணி துவைக்குமிடத்தில் எதிரே நின்ற சகோதரி ஒருவர் கவனமின்றி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்தார். பின்வாங்கி முகத்தைத் துடைத்தால் அச்சகோதரிக்குப் புரிந்திருக்கும். தெரேசம்மாள் அப்படிச் செய்யவில்லை. இவையெல்லாம் அற்பக் காரியங்கள் என்று தோன்றலாம். ஆனால் நம் தண்ணீர்ப் புட்டியை யாராவது கேளாமல் எடுத்தால் நமக்கு வரும் கோபம் அற்பமானதா?

'எனக்கு ஒன்றுமே தெரியாது' என்று சொல்லிவிட்டு, பிறர் மறுத்துப் புகழக் காத்திருப்பதும் தாழ்ச்சி ஆகாது. முதல் மதிப்பெண் பெற்றவள் பெறவில்லை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பின்தங்கியவள் அருகில் அமர்ந்து, சலிக்காமல் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதைப் பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரியாமல் இருப்பதுதான் கடினம்!

தெரேசம்மாள் 1897-இல், 24-ஆம் வயதில் இறந்தார். 1925-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பெரிய கல்லூரி எதிலும் படிக்காத அவரை 1997-இல் திருச்சபை மறைவல்லுநர் என்று அறிவித்தது.

அம்மடத்தில் நடக்க இயலாத முதிய சகோதரி ஒருவர் இருந்தார். மாலைதோறும் அவரை உணவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தெரேசம்மாள் தாமே கேட்டு ஏற்றார். வேகமாக நடந்தால் 'விழுந்துவிடுவேன்' என்பார். மெதுவாக நடந்தால் 'உன் கையே தெரியவில்லையே' என்பார். குளிர்காலத்து மாலை ஒன்றில் தொலைவிலிருந்து இன்னிசை கேட்டது. விளக்கொளியில் மின்னும் மாளிகையும், பட்டுடுத்திய இளம்பெண்களும் தெரேசம்மாளின் மனக்கண்ணில் வந்தார்கள். பக்கத்திலோ முனகும் மூதாட்டி, மங்கிய வெளிச்சத்தில் செங்கல் சுவர். அந்த மாளிகைக்காக இந்தப் பத்து நிமிட வேலையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அம்மூதாட்டியால் ரொட்டியை வெட்ட முடியவில்லை என்பதைக் கண்ட தெரேசம்மாள், அவர் கேட்காமலே வெட்டிக் கொடுத்தார். திரும்புமுன் புன்னகையும் செய்தார். எதிலும் குறை கண்ட அச்சகோதரியின் மனத்தை வென்றது அந்தப் புன்னகைதான்.