அடியில் மாணிக்கம் இருக்குமோ?

கேள்வி: அப்பா தோட்டத்தை விட்டு வந்து, சேமலாபப் பணத்தில் இறக்குவானையில் வாங்கிய வீடு. அவர் போனபின் விற்கப் போகிறோம். அம்மா அழுகிறார். சொந்தக்காரர்கள் “அடியில மாணிக்கம் இருக்கும்” என்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. – வாசகி, இரத்தினபுரி மாவட்டம்

தங்கச்சி, மாணிக்கம் பேசுபவரிடம் “நீங்களே வாங்குங்களேன்” என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உறுதி விவகாரம்தான். அப்பா மரணசாசனம் எழுதாவிட்டால் பாதி அம்மாவுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே தரகரைக் கூப்பிடுமுன் கூடப்பிறந்தவர்களுடன் பேசி முடியுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுத்து நொத்தாரிசிடம் காட்டுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. வெறுந்தாளை நம்பி முற்பணம் வாங்காதீர்கள்.

வீடு பார்க்க ஆள் வரும் நாளில் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி விலைக்கு அவர் சம்மதம் வேண்டும். எந்த மாதம் காலி செய்வது, எந்த ரோஜாக் கிளையை வெட்டி எடுத்துப்போவது என்பதெல்லாமும் அவர் முடிவே.