காட்டு வான்கோழி: மரத்தடியிலிருந்து ஜாடி வரை

அமெரிக்கக் கடைகளில் நவம்பர் மாதம் கல்லாக உறைந்து கிடக்கிற வான்கோழி வேறு. ஏப்ரல் விடியலில் ஓக் மரக்கிளையிலிருந்து குரல் எழுப்புகிற காட்டு வான்கோழி வேறு. முன்னது பிராய்லர். பின்னது, ஊர்ப்பக்கம் இரண்டு வருஷம் குப்பையைக் கிளறி, நாய்க்குத் தப்பி, கூரையேறிப் படுத்த சேவல். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் கீழே சொல்லியிருப்பதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும். வேட்டைக்குப் போகிறவர்களுக்கும், போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் நீட்டிய தொடையை வாங்கிவைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. முதலில் உரிமம். அலாஸ்கா தவிர 49 மாநிலங்களில் இந்தப் பறவை உண்டு. விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வசந்த வேட்டை தெற்கே மார்ச்சில் தொடங்கும், வடக்கே மே மாதம் முழுக்க நடக்கும். அப்போது பெரும்பாலும் சேவலை, அல்லது நெஞ்சில் தாடி தொங்குகிற பறவையை மட்டுமே சுடலாம். சில இடங்களில் நண்பகலோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும். சுட்டதும் டேக் கட்டி, துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இறைச்சியை விற்கக் கூடாது, கொடுக்கலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இந்த இனமே துடைத்தெடுத்ததுபோல் அழிந்திருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. 1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகுதான் கூட்டம் பெருகியது. துப்பாக்கி, தோட்டா விற்பனைமேல் 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வரிப்பணம் அதற்குக் கைகொடுத்தது.

2. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் உடம்பில் எங்கும் அணியாதீர்கள். கைக்குட்டையிலும் காலுறையிலும்கூட வேண்டாம். வசந்தத்தில் சேவலின் தலை இந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும். தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடலாம்.

3. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். குரல் கேட்கிற திசை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். பெட்டையின் குரலை அங்கே எழுப்புவது மரப்பெட்டியை உரசிக்கொண்டிருக்கும் மனிதராக இருக்கலாம். அப்படி யாராவது உங்கள் பக்கம் வந்தால் கையசைக்க வேண்டாம். அசையாமல் இருந்து, உரக்கப் பேசுங்கள். சுட்ட பறவையைத் தோளில் போட்டு நடக்கும்போது ஆரஞ்சுத் துணியால் சுற்றிவிடுங்கள்.

4. ஷாட்கன் ரவை தலையிலும் கழுத்திலும் மட்டுமே பட வேண்டும். வாலை விசிறியாக விரித்துக் கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது சுட்டால் ரவை நெஞ்சில் பாயும், சாப்பாடு பாழ். கழுத்தை நீட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள். 40 கெஜத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். உங்கள் துப்பாக்கி எவ்வளவு தூரத்தில் ரவையை எப்படிப் பரப்புகிறது என்பதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

5. சமையல் முறையை முடிவு செய்வது பறவையின் காலில் இருக்கும் முள். மொட்டுப்போல் அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஒரு வயதுக் குஞ்சுச் சேவல். விரித்த வாலில் நடு இறகுகள் மட்டும் நீண்டிருப்பதும் அதற்கு அடையாளம். முள் ஒரு அங்குலத்தைத் தாண்டிவிட்டால் மூன்று வயதோ அதற்கு மேலோ. அது குக்கருக்கு உரியது. முழுசாக வளர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும், ஆகவே பாத்திரத்தையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

6. படம் எடுப்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடியட்டும். அடர்ந்த இறகு கம்பளிபோல் உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறும் நாளில் அங்கேயே குடலை எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் ஐஸ் பை ஒன்றைத் திணித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். இறைச்சி கெட்டுவிட்டது என்று பிறகு வருந்துகிறவர்களில் பலர் அதைக் கெடுத்தது அடுப்பில் அல்ல, வண்டியின் டிக்கியில். மெலிந்து தள்ளாடும் பறவையையும், தலையில் மருபோல் கட்டிகள் உள்ளதையும் சுட வேண்டாம். வெட்டும்போது கையுறை போடுங்கள்.

7. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கிழிக்காமல் முழுசாக எடுங்கள். வசந்தகாலத்துப் பெரிய சேவலுக்கு நெஞ்சின் மேற்பகுதியில் கொழகொழவென்று ஒரு கொழுப்புப் படலமும் இருக்கும். இணைதேடும் வாரங்களில் சரியாக மேயாத சேவல் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது. அதற்கு அதுதான் கட்டுச்சோறு, நமக்கோ குமட்டும் வாடை. ஒரு துணுக்குகூட விடாமல் வழித்துப் போடுங்கள்.

8. தோலோடு வறுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இறகு பிடுங்குங்கள். 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் முக்கினால் போதும். கொதிக்கும் நீரில் முக்கினால் தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். எஞ்சும் பூனைமயிரை நெருப்பில் வாட்டுங்கள். நாட்டுக்கோழிக்கு மஞ்சள் பூசி வாட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழம்புக்கு என்றால் தோலை உரித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

9. ரவை போன பாதையை விரலால் தடவிப் பாருங்கள். இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். இரும்பு ரவை காந்தத்தில் ஒட்டும், ஈயம் ஒட்டாது. ஈய ரவை என்றால் காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பறவையைப் பரிமாறாமல் இருப்பது நல்லது.

10. சுட்ட அன்றே சமைக்காதீர்கள். விறைத்த தசை தளர ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

11. நெஞ்சுக்கறிக்கு உப்புநீர் ஊறல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, ஒரு கைப்பிடி சர்க்கரை. ஃபிரிட்ஜில் ஓர் இரவு. கரண்டிக் கணக்கை நம்பாமல் தராசில் நிறுங்கள்: ஒரே கரண்டியில் கல்லுப்பும் தூளுப்பும் ஒரே எடை வராது. கடை வான்கோழியில் பல ஏற்கெனவே உப்புநீர் ஏற்றப்பட்டவை, அவற்றுக்கு இது தேவையில்லை. தெற்கு மாநிலங்களில் மோரில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். நம் வீட்டுப் புளித்த மோரும் அதே வேலையைச் செய்யும்.

12. நெஞ்சில் கொழுப்பே கிடையாது. ஐந்து நிமிடம் கூடிப்போனால் சவுக்குக்கட்டை. தசை ஓடும் போக்குக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக வெட்டித் தட்டிப் பொரியுங்கள். முழுத்துண்டாகச் சுடுவதானால் மேலே பன்றி பேக்கனோ வெண்ணெயோ போர்த்துங்கள். தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 ஃபாரன்ஹீட் காட்டியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள்.

13. காலை மட்டும் தூக்கி எறியாதீர்கள். நெஞ்சை அறுத்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கோபம் வரவழைக்கிற பழக்கம், சில மாநிலங்களில் சட்டவிரோதமும்கூட. நாள் முழுக்க நடந்த கால் அது. உள்ளே ஈர்க்குச்சிபோல் எலும்பாகிப்போன நரம்புகள் நிறைய இருக்கும். அடுப்பில் வைத்துச் சுட்டால் பல்லுக்குத்தான் சேதம். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டுக் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். மெதுவாக வேகும் மின்சட்டியானால் 7, 8 மணி நேரம். ஆறியதும் சதை தானாகக் கழன்றுவரும், நரம்புக்குச்சிகளை விரலால் உருவிப் போடலாம். பிய்த்த கறியை மிளகு வறுவலாக்கலாம், சால்னாவில் போடலாம், புரோட்டாவோடு கொத்தலாம். எனக்கு நெஞ்சைவிட இதுதான் ருசி.

14. கொத்துக்கறி ஆக்குவதென்றால் ஐந்தில் ஒரு பங்கு பன்றிக்கொழுப்பு சேர்த்து அரையுங்கள். பன்றி உண்ணாத வீட்டில் கோழித்தோலைச் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் கறியில் பிடித்த கோலா உருண்டை மணல்போல் உதிரும்.

15. ஃப்ரீசரில் கறியின் எதிரி காற்று. காற்றுறிஞ்சிப் பையில் எலும்பு முனை ஓட்டை போடாமலிருக்க அங்கே காகிதத்தை மடித்து வையுங்கள். ஒருவேளைச் சமையலுக்குத் தேவையான அளவாகப் பிரித்து, தேதியும் எந்தப் பாகம் என்பதும் எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முழுப்பறவை ஓராண்டு, துண்டுகள் 9 மாதம், கொத்துக்கறியும் ஈரலும் 3, 4 மாதம் ருசி மாறாமல் இருக்கும். ஏப்ரலில் சுட்டது நவம்பர் நன்றியறிதல் விருந்துக்குத் தாராளமாகத் தாங்கும்.

16. உறைந்ததை மேடையில் வைத்து இளக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குள் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு. பச்சைக்கறியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம், தெறிக்கும் நீரோடு கிருமி பாத்திரமெல்லாம் பரவும். காகிதத்தால் ஒற்றுங்கள்.

17. ஜாடியில் அடைக்கிற கேனிங் முறையில் நம்மவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு: வீட்டில் உள்ள பிரஷர் குக்கரே போதும் என்ற நினைப்பு. போதாது. காற்றில்லாத ஜாடிக்குள் வளரும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் கொதிநீருக்குச் சாகாது. 116 டிகிரி செல்சியஸ் நீடித்து வேண்டும். அதற்கான நேரங்களைப் பெரிய பிரஷர் கேனரில் வைத்து அளந்திருக்கிறார்கள். சின்னக் குக்கர் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடுவதால் அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. எலும்பில்லாத கறியைத் துண்டாக்கி, மேலே ஒன்றேகால் அங்குல இடம் விட்டு நிரப்புங்கள். கேனரில் பத்து நிமிடம் ஆவியை வெளியேற்றிவிட்டு எடையை மாட்டுங்கள். 10 பவுண்ட் அழுத்தத்தில் பைண்ட் ஜாடிக்கு 75 நிமிடம், குவார்ட் ஜாடிக்கு 90 நிமிடம். டென்வர் மாதிரி 1000 அடிக்கு மேலுள்ள ஊர்களில் எடை 15 பவுண்ட். முள் காட்டும் கேனர் என்றால் 11 பவுண்டில் தொடங்கி, உயரத்துக்குத் தக்கபடி கூடும், கையேட்டைப் பாருங்கள். மூடி உப்பிய ஜாடியை ருசிபார்த்துச் சோதிக்காதீர்கள்.

18. உப்புக்கண்டம் போட்டுப் பழகிய கை வெயிலைத் தேடும். ஆட்டுக்கறிக்கும் பங்குனி வெயிலுக்கும் சரி. ஈரப்பதமான அமெரிக்க வசந்தத்தில், அதுவும் பறவைக்கறிக்கு, ஆகாது. பாதி உறைந்த நெஞ்சைக் கால் அங்குல நாடாக்களாக வெட்டுங்கள். உப்பு, மிளகாய்த்தூள் கரைத்த மசாலா நீரிலேயே கொதிக்கவிட்டு 5 நிமிடம் வேகவையுங்கள். பிறகு உலர்த்தும் கருவியில் 130 முதல் 140 ஃபாரன்ஹீட்டில் காயவிடுங்கள். வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஒடியக் கூடாது. டப்பாவில் இரண்டு வாரம், மிச்சம் ஃப்ரீசருக்கு.

19. கழுத்து, முதுகு, இறக்கை, எலும்புக்கூடு எல்லாம் ஒரே அண்டாவில், மிளகும் பட்டையும் போட்டு, மூன்று நான்கு மணி நேரம் தளதளவென்று கொதிக்காமல் மெல்ல. வடித்ததை அகலத் தட்டுகளில் ஊற்றி விரைவாக ஆறவிட்டு, ஐஸ் தட்டில் உறையவைத்துக் கட்டிகளாக எடுத்து வையுங்கள். சளி பிடித்த ராத்திரியில் இரண்டு கட்டி, ஒரு சிட்டிகை மிளகு, ஒரு தம்ளர் தண்ணீர்.