தையல் கடையின் கணக்கு நோட்டு

ஒரு சர்வதேசப் பள்ளியிலிருந்து ‘நூறு சதவீத உதவித்தொகை’ என்று கடிதம் வந்த அன்று, திண்டுக்கல்லில் அந்தத் தையல் கடைக்காரர் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மகள் படித்த அரசுப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை இரண்டு நாள் கழித்துதான் அந்தக் கடிதத்தை வரி விடாமல் படித்தார். சலுகை படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், முன்பணம் எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் கடையின் ஓராண்டு வருமானத்தைத் தாண்டியது.

“விடுங்க டீச்சர், நமக்கு வராது” என்றார் அப்பா. டீச்சர் விடவில்லை.

அடுத்த ஆண்டு அவர் காட்டிய வழி யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ். கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் சிந்தனையில் பிறந்து, 1962-ல் வேல்ஸ் கடலோரக் கோட்டை ஒன்றில் முதல் கல்லூரியைத் திறந்த அமைப்பு இது. புனே அருகே மலைமேல் இருக்கும் மகிந்திரா கல்லூரி 1997-ல் தொடங்கியது. படிப்பு, இரண்டாண்டு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமோ. இந்திய மாணவர்கள் இந்தியாவுக்கான தேர்வுக் குழு வழியாக விண்ணப்பிக்கலாம். முதலில் மாணவரின் தகுதி, அதன்பின் குடும்பத்தின் தேவைக்கேற்ப உதவித்தொகை என்பது இந்த அமைப்பின் கொள்கை.

விண்ணப்பத்துக்காக மகள் எழுதிய முதல் கட்டுரையில் ‘தலைமைப் பண்பு’ ஐந்து இடத்தில் இருந்தது. டீச்சர் அதை ஓரமாக வைத்துவிட்டு, “சாயங்காலம் கடைல நீ என்ன பண்ற?” என்று கேட்டார். அளவு நோட்டு எழுதுவாளாம். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். ஒரே அளவில் தைத்தால் ஜாக்கெட் வழுக்கும். அதனால் இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து, ‘வலது அரை இஞ்ச் இறக்கம்’ என்று குறிப்பாள். அவளே தொடங்கிய வழக்கம் அது. அதுதான் கட்டுரையானது. நேர்காணலிலும் அதைப் பற்றியே நிறையக் கேட்டார்கள்.

பெரும்பாடு, உதவித்தொகைக்குக் காட்ட வேண்டிய வருமானக் கணக்கில்தான். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் ஃபார்ம் 16 கிடையாது, வருமான வரி தாக்கல் செய்ததில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் சான்றிதழ் வாங்கினார்கள். “கம்மியா போட்டா நல்லது” என்று தெருவில் பலர் சொன்னார்கள். அது தவறான யோசனை. ஜிபேயில் வந்த பணம் பாஸ்புக்கில் வரிசையாக நிற்கிறது; சான்றிதழும் பாஸ்புக்கும் முரண்பட்டால் நம்பிக்கை போய்விடும். டீச்சர் யோசனைப்படி, பன்னிரண்டு மாதக் கணக்கு நோட்டை நகலெடுத்து, ஒரு பக்க விளக்கமும் சேர்த்தார்கள்: ஜூனில் பள்ளிச் சீருடை, ஐப்பசியில் தீபாவளித் துணி, ஆடியில் கல்யாணம் இல்லாததால் கடை காற்று வாங்கும். வாடகை, நூல், காஜா எடுப்பவருக்குக் கூலி போக மிஞ்சுவது இவ்வளவு. எந்தச் சான்றிதழும் சொல்லாத உண்மையை அந்த ஒரு பக்கம் சொன்னது.

இடம் கிடைத்தது, புனேயில். இந்த முறை டீ வாங்கும் முன் மின்னஞ்சலில் கேள்விகள் போயின. விடுதியும் உணவும் உதவித்தொகையில் சேருமா? மருத்துவக் காப்பீடு, மடிக்கணினி, ஊருக்கு வந்துபோகும் செலவு யாருடையது? இரண்டாம் ஆண்டும் அதே தொகையா? எழுத்தில் பதில் வந்த பிறகுதான் அப்பா கையெழுத்திட்டார்.

இதில் இழப்பும் உண்டு. மருத்துவம், பொறியியல் படிப்புகளில் தமிழக அரசு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் வெளியேறினால் அந்த உரிமை போய்விடும். இவளுக்குப் பொருளியலில் ஆசை, அதனால் துணிந்தார்கள். டாக்டராக நினைக்கும் பிள்ளை என்றால், ஐபியிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டாக வேண்டும்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஜூன் மாதமே வீட்டில் சொல்லிவிடுங்கள். கட்டுரையை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். பன்னிரண்டு மாதக் கணக்கு எழுத பன்னிரண்டு மாதம் வேண்டும்.