தாய்மீது விழுந்த பழி

குழந்தை பேசத் தாமதித்தாலும், பெயர் சொல்லி அழைக்கத் திரும்பிப் பாராவிட்டாலும், “தாய் எப்படி வளர்த்தாளோ?” என்பதே நம்மவர் முதலில் எழுப்பும் வினா. ஒரு காலத்தில் மருத்துவ அறிஞர்களும் இதே வினாவை எழுப்பினர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943-ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனிமையை நாடுதல், சிறு மாற்றத்தையும் தாங்க இயலாமை, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல் முதலிய இயல்புகளை அவர்களிடம் அவர் கண்டார். இதுவே ‘ஆட்டிசம்’ எனப்படுவது. தமிழில் மதியிறுக்கம் என்கிறோம். இது பிறவியிலேயே அமைவது என்று அன்று கருதிய கானரே, 1949-இல் பெற்றோரின் அன்பற்ற போக்கைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட்டு எழுதினார். 1967-இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் இப்பழியை மேலும் பரப்பியது.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியல் அறிஞரான இவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் ஆவார். மூலகாரணம் உடற்கூற்றில் உள்ளது என்று 1964-இல் இவர் நூல் எழுதினார். பின்னர் 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவில் பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கருக்களில் தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும், வளர்ப்பு முறை இதற்குக் காரணமன்று என்பதும் இன்று தெளிந்த உண்மைகள்.

ஆயினும் பழி நின்றபாடில்லை. என் அக்காள் மகனுக்கு மூன்றாம் வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர் கூறியபோது, “கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்” என்றனர் உறவினர். அக்காள் திருமண வீடுகளுக்குச் செல்வதையே நிறுத்திவிட்டாள். குற்ற உணர்வில் அழுது கழிந்த அந்நாட்கள், குழந்தைக்குப் பயிற்சி தந்திருக்க வேண்டிய நாட்கள் அல்லவா?

பெற்றோரைப் பயிற்சியில் பங்காளிகளாக்கிய பெருமை எரிக் ஷாப்ளரைச் சாரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் தொடங்கிய அவரது திட்டம், அன்றாட நிகழ்ச்சிகளைப் படங்களால் ஒழுங்குபடுத்திக் காட்டும் முறையைக் கையாண்டது. எங்கள் வீட்டிலும் பல் துலக்குதல், குளித்தல், உண்ணுதல் ஆகியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினோம். அடுத்து வருவது இன்னதென்று தெரிந்ததும் குழந்தையின் அலறல் குறைந்தது. சுருங்கப் பேசுதல், விடைக்குப் பொறுமையாகக் காத்திருத்தல், குக்கர் ஓசைக்கு முன்பே அவனை அடுத்த அறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவையும் பயன் தந்தன. இவற்றைச் செய்தவள் தாயே.

இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் தரும் உரிமையோடு சமூகத்தின் பரிவும் சேர வேண்டும். மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைக் கண்டால், தாயை முறைத்துப் பாராமல், அமைதியான இடத்திற்கு வழிகாட்டுவோம். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் அமரவிருக்கும் நம்மால் இன்றே செய்யத்தக்க சிறு தொண்டு இதுவாகும்.