ஆண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு

கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தன்பாலீர்ப்புள்ள மாணவன் உங்கள் வகுப்பிலும் இருப்பான். அவனை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒன்பதாம் எண்ணில் கவனமாக இருங்கள். அந்த எண் வந்ததும் பின்பெஞ்சில் சிரிப்பு எழும். கொஞ்சம் மென்மையாகப் பேசுகிற பையனுக்கும், ஆண்டுவிழா நாடகத்தில் பெண் வேடம் கட்டியவனுக்கும் அதையே பட்டப்பெயராக ஒட்டிவிடுவார்கள். திருநங்கையரை இழிவுபடுத்தும் வசை அது. வருடக்கணக்கில் காதில் விழுந்தால் பையன் கழிப்பறைக்குப் போகவே பயப்படுவான், விளையாட்டு வேளையில் தலைவலி என்பான், பிறகு பள்ளிக்கே வரமாட்டான். முதல் சிரிப்பிலேயே பாடத்தை நிறுத்துங்கள். "இந்த வகுப்பில் இது கூடாது" என்று சொன்னால் போதும். ஆசிரியரும் சேர்ந்து புன்னகைத்துவிட்டால் அந்தப் பையனுக்கு அங்கே வேறு துணை இல்லை.

2. யார், எவர் என்று ஊகிக்காதீர்கள். நடையையும் குரலையும் வைத்து எதுவும் தெரியாது. கால்பந்து அணித் தலைவனாகவும் இருக்கலாம்.

3. ஒருநாள் ஒருவன் உங்களிடம் வந்து சொல்லக்கூடும். "வயசுக் கோளாறு, சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கிளறிக் கிளறிக் கேட்கவும் வேண்டாம். நம்பிச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். அவனிடம் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். வீட்டில் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் வாய் திறக்கக் கூடாது. அவன் சம்மதமில்லாமல் பெற்றோரிடமும் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வார்த்தையால் அடிபட்டு, படிப்பும் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ, பெரியவர் யாராவது அவனிடம் தவறாக நடந்திருந்தாலோ கதை வேறு. அப்போது மௌனம் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண்பிள்ளைகளையும் காக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கொடுமையையும் அவனுடைய இயல்பையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

4. மதம் பற்றி நேராகப் பேச வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் தனக்கு நரகம்தான் என்று முடிவு கட்டியிருப்பான். திருச்சபை ஒருபாலுறவை ஏற்பதில்லை. இதை மறைக்க வேண்டாம். அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2358ஆம் எண், இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது, அநியாயமாக ஒதுக்குவதைத் தவிர்க்கச் சொல்கிறது. முதற்பகுதியை மட்டும் படித்துக் காட்டுபவர் பாதிப் பாடம்தான் நடத்துகிறார். நன்னெறி வகுப்புக்குப் போகும் இந்து, முஸ்லிம் பிள்ளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் நீங்களே ஆசிரியர்.

5. "நல்ல டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்" என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய 'சிகிச்சை' முயற்சிகளைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற யோசனையும் அதே உத்தரவில் உண்டு. அடுத்த கூட்டத்தில் கட்டண விவரத்தோடு இதற்கும் பத்து நிமிடம் கேளுங்கள்.

6. தனியாக நின்றால் சீக்கிரம் சோர்ந்துபோவீர்கள். தெற்கு லண்டனில் ஜான் ஃபிஷர் என்றொரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. 2022இல் தன்பாலீர்ப்பாளரான எழுத்தாளர் சைமன் ஜேம்ஸ் கிரீன் அங்கே மாணவர்களைச் சந்திக்க இருந்தார். மறைமாவட்டம் எதிர்த்தது, சந்திப்பு ரத்தானது, சந்திப்பை ஆதரித்த நிர்வாகக்குழு உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. ஒத்த மனமுள்ள இரண்டு ஆசிரியர்களும், காதுகொடுத்துக் கேட்கும் ஒரு ஃபாதரும் இருந்தால் வேலை தொடங்கிவிடும். அவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

7. குழந்தைகள் உதவி எண் 1098. பகலும் இரவும் இயங்கும், கட்டணம் இல்லை. விடுதியிலும் வகுப்பறையிலும் பையன்கள் கண்ணில் படும் இடத்தில் இந்த வாரமே எழுதி வையுங்கள்.